முடி போயிற்று, பட்டம் போகவில்லை

2023 ஜனவரி 10 அன்று ஏதென்ஸ் நகர மருத்துவமனை ஒன்றில் 82 வயது முதியவர் ஒருவர் இறந்தார். உடனே கிரேக்க அரசு கூடிப் பேச வேண்டியதாயிற்று. இவரை எப்படி அடக்கம் செய்வது? அரசு மரியாதை உண்டா, இல்லையா? இறந்தவர் இரண்டாம் கான்ஸ்டன்டைன். ஒன்பது ஆண்டு சட்டப்படி கிரேக்கத்தின் அரசராக இருந்தவர். அதன் பிறகு ஐம்பது ஆண்டு, தன் பார்வையிலும் தன்னைச் சேர்ந்தவர்கள் பார்வையிலும் அரசராகவே இருந்தவர். அரசு மரியாதை இல்லை, தனிநபராகவே அடக்கம் என்று அரசு முடிவெடுத்தது. குடிமகனாக என்றுகூட முழு மனதோடு சொல்ல முடியாத நிலை. அவருடைய குடியுரிமையை 1994இலேயே பறித்திருந்தார்கள்.

ஆறு நாள் கழித்து ஏதென்ஸ் தலைமைத் தேவாலயத்தில் இறுதிச் சடங்கு நடந்தது. ஸ்பெயின், டென்மார்க், ஸ்வீடன் என்று ஐரோப்பாவின் முடிமன்னர்கள் வந்து அமர்ந்தார்கள். பிரதமர் கிரியாக்கோஸ் மிட்சொடாக்கிஸ் வரவில்லை. பண்பாட்டு அமைச்சர் வந்தார். காலையிலிருந்து பக்கத்துச் சிற்றாலயத்தில் உடலைப் பார்க்க வரிசையில் நின்றவர்களில் முதியவர்கள் நிறையப் பேர்.

இதே நகரம் 1964 மார்ச்சில் இன்னொரு அரசரை வழியனுப்பியது. கான்ஸ்டன்டைனின் தந்தை பால். அன்று அரசே முன்னின்று நடத்தியது. முன்னாள் அமெரிக்க அதிபர் ட்ரூமன் முதற்கொண்டு உலகத் தலைவர்கள் வந்தார்கள். தந்தையும் மகனும் உறங்குவது ஒரே இடத்தில்தான், ஏதென்ஸுக்கு வடக்கே பார்னிதா மலையடிவாரத்துத் தாத்தோய் பண்ணையில். இரண்டு சவ ஊர்வலங்களுக்கும் நடுவே அறுபது ஆண்டு. அந்த இடைவெளியில் ஓர் அரச உரிமை எப்படித் தேய்ந்தது, எதுவாகவெல்லாம் மாறியது என்பதைப் பார்க்கும்போது, அந்த மனிதரைப் போலவே அந்த நாட்டையும் புரிந்துகொள்ளலாம்.

பட்டத்துக்கு வந்தபோது அவருக்கு வயது 23. மக்களிடம் செல்வாக்குக்குக் குறைவில்லை. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் தங்கம் வென்றிருந்தார். 1912க்குப் பிறகு கிரேக்கத்துக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அது. பட்டமேறிய ஆறே மாதத்தில் டென்மார்க் இளவரசி ஆன்-மேரியுடன் திருமணம். மணப்பெண்ணுக்குப் பதினெட்டு வயதுதான். அந்த ஆண்டின் தொடக்கத்தில் பெரும்பான்மையோடு வென்ற ஜார்ஜ் பாபன்திரேயு பிரதமராக இருந்தார். இளம் அரசரும் முதிய பிரதமரும் ஒத்துப்போயிருந்தால் கிரேக்கத்தின் கதையே வேறாக இருந்திருக்கும்.

ஒத்துப்போகவில்லை. ராணுவம் யார் கையில் என்பதுதான் சண்டை. பாதுகாப்பு அமைச்சைத் தானே ஏற்கப் பாபன்திரேயு கேட்டார். ராணுவத்துக்குள் ஓர் இடதுசாரிச் சதி என்று சொல்லி அப்போது விசாரணை நடந்துகொண்டிருந்தது. அதில் பிரதமரின் மகன் ஆண்ட்ரியாஸின் பெயரும் அடிபட்டது. அதைக் காட்டி அரசர் மறுத்தார். 1965 ஜூலையில் பாபன்திரேயு பதவியை விட்டு இறங்கினார். அவர் கட்சியிலிருந்து பிரிந்து வந்தவர்களைக் கொண்டு அரசர் ஒன்றன்பின் ஒன்றாக அமைச்சரவை அமைக்கப் பார்த்தார். ஏதென்ஸ் தெருக்களில் வாரக்கணக்கில் போராட்டம். மக்கள் தேர்ந்தெடுத்தவரை அரண்மனை அனுப்பிவிட்டது என்ற கோபம் அன்று விழுந்த விதை. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

1967 ஏப்ரல் 21 விடியற்காலையில் கர்னல்கள் டாங்கிகளோடு ஏதென்ஸைப் பிடித்தார்கள். பொதுத் தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தன. அரசருக்கு முன் தெரியாமல் நடந்த கவிழ்ப்பு இது. ஆனாலும் அன்றே அந்தக் கும்பலின் அரசுக்கு அவர் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். புதிய அமைச்சரவையோடு அவர் நிற்கும் புகைப்படம் ஒன்று உண்டு. முகத்தில் மருந்துக்கும் சிரிப்பில்லை. விருப்பமில்லாமல்தான் நிற்கிறேன் என்று காட்டவே அப்படி நின்றார் என்பதுதான் அவர் பக்கத்தார் பின்னாளில் சொன்ன விளக்கம். அவகாசம் வாங்கவே ஒப்புக்கொண்டார், ரத்தம் சிந்தக்கூடாது என்று நினைத்தார் என்றும் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் அன்று இரவோடு இரவாக வீட்டிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டவர்களுக்கும், யாரோஸ் போன்ற வெறுந்தீவுகளில் அடைக்கப்பட்டவர்களுக்கும் முகத்தின் இறுக்கம் எந்தக் கணக்கிலும் சேராது. அன்று அவர் செய்துவைத்த பதவிப் பிரமாணம்தான் கணக்கு. ஓர் அரசியலமைப்பு அரசருக்கு வாழ்நாளில் ஒரே ஒரு நாள்தான் உண்மையான வேலை வருகிறது என்றால், கான்ஸ்டன்டைனுக்கு அது வந்த நாள் இது.

டிசம்பரில் தவற்றைத் திருத்தப் பார்த்தார். 13ஆம் தேதி குடும்பத்தோடு வடக்கே கவாலாவுக்குப் பறந்தார். வடக்குப் படைப்பிரிவுகளின் தளபதிகள் தன் பக்கம், அவர்களைக் கொண்டு தெசலோனிக்கியைப் பிடித்து அங்கிருந்து ஓர் அரசை அறிவிக்கலாம் என்பது திட்டம். தளபதிகள் உண்மையில் அவர் பக்கம்தான் இருந்தார்கள். ஆனால் தளபதிகளுக்குக் கீழே இருந்த இடைநிலை அதிகாரிகள் கர்னல்களின் ஆட்கள். அவர்களே தங்கள் தளபதிகளைக் கைது செய்தார்கள். ஒரே நாளில் எல்லாம் முடிந்தது. மறுநாள் விடிவதற்குள் அரசர், அரசி, இரண்டு சிறு குழந்தைகள், தாய், தங்கை எல்லோரும் ரோமில் இறங்கினார்கள். 27 வயது. இனி ஓர் அரசராகத் தன் மண்ணில் அவர் கால் வைக்கப்போவதில்லை.

இந்த இடத்தில்தான் விந்தையான ஒரு காலம் தொடங்குகிறது. கர்னல்கள் முடியாட்சியை ஒழிக்கவில்லை. அரசரின் பெயரால் ஆள ஓர் ஆட்சிப் பிரதிநிதியை வைத்துக்கொண்டார்கள். ரோமில் இருந்தவருக்கு மானியமும் போய்க்கொண்டிருந்தது. 1973 மே மாதம் கடற்படையில் ஒரு கலகம் வெடித்த பிறகுதான் அரசருக்கும் அதில் பங்கு என்று சொல்லி ஜூன் 1 அன்று முடியாட்சியை ஒழித்தார்கள். ஒரு வாக்கெடுப்பையும் நடத்திக்கொண்டார்கள். சர்வாதிகாரத்தின் நிழலில் நடந்த அந்த வாக்கெடுப்பு செல்லாது என்று அரசர் சொன்னதில் முழு நியாயம் இருந்தது.

சைப்ரஸ் நெருக்கடியில் கர்னல்கள் ஆட்சி 1974 ஜூலையில் சரிந்ததும் பாரிஸிலிருந்து முன்னாள் பிரதமர் கரமன்லிஸ் திரும்பி வந்தார். லண்டனில் இருந்த அரசரும் தன்னை அழைப்பார்கள் என்று காத்திருந்தார். அழைப்பு வரவில்லை. அந்த ஆண்டு டிசம்பர் 8 அன்று மக்கள் முன் நேரான கேள்வி வைக்கப்பட்டது: குடியரசா, முடியாட்சியா? ஊருக்கு வந்து பிரசாரம் செய்ய அரசருக்கு அனுமதி இல்லை. லண்டனிலிருந்து தொலைக்காட்சியில் பேச மட்டும் விட்டார்கள். தவறுகளை ஒப்புக்கொண்டு, மீண்டும் வாய்ப்புக் கேட்டு அவர் பேசினார். 69 விழுக்காட்டினர் குடியரசு என்றார்கள், 31 விழுக்காட்டினர் அரசர் என்றார்கள். முடியாட்சிப் பற்றுக்குப் பேர்போன லக்கோனியா அவருக்குப் பெரும்பான்மை தந்தது. கிரீட் தீவில் பத்தில் ஒன்பது பேர் வேண்டாம் என்றார்கள்.

நேர்மையாக நடந்த வாக்கெடுப்பு, தெளிவான முடிவு. அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஏன் என்று புரிய வேண்டுமானால் இந்தக் குடும்பத்தின் முன்கதையைப் பார்க்க வேண்டும். கிரேக்கத்தில் அரசர்கள் போவது வழக்கம். திரும்பி வருவதும் வழக்கம். கான்ஸ்டன்டைனின் தாத்தா, அதே பெயர்க்காரர், 1917இல் நாட்டை விட்டுப் போய் 1920இல் திரும்பினார், 1922இல் மறுபடியும் முடி துறந்தார். பெரியப்பா இரண்டாம் ஜார்ஜ் 1923இல் வெளியேறி, குடியரசு வந்து, பன்னிரண்டு ஆண்டு கழித்து 1935இல் திரும்பி வந்து அரியணையில் அமர்ந்தார். 1941இல் ஜெர்மானியர் நுழைந்தபோது மீண்டும் ஓட்டம், 1946இல் மீண்டும் வருகை. கிரேக்க அரசனுக்கு முக்கியமான உடைமை பயணப் பெட்டிதான் என்று அவர் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. கான்ஸ்டன்டைனே ஒரு வயது ஆகும் முன் கிரீட், எகிப்து, தென்னாப்பிரிக்கா என்று தூக்கிச் செல்லப்பட்டு, ஆறு வயதில் ஊர் திரும்பிய பிள்ளை. போன அரசர் திரும்புவார் என்பது அவருக்கு வீட்டில் கண்ட அனுபவம். போதாக்குறைக்கு, 1975இல் ஸ்பெயினில் முடியாட்சி மீண்டு அவருடைய அக்கா சோபியா அரசியானார். காத்திருப்பவருக்கு இதைவிடப் பெரிய நம்பிக்கை என்ன வேண்டும்?

லண்டன் வாழ்க்கை வசதியானது. பிரிட்டன் இளவரசர் வில்லியம் பிறந்தபோது ஞானத்தந்தையரில் ஒருவர் இவர். அந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

அவருடைய தாய் பிரெடரிக்கா எடுத்த வழி வேறு. கிரேக்க அரசியலில் மகனைவிட அதிக வெறுப்பைச் சம்பாதித்தவர் அவர். நாடு கடந்த பிறகு அவர் மனம் சென்னைப் பக்கம் திரும்பியது. மதராஸ் பல்கலைக்கழகத்தின் டி.எம்.பி. மகாதேவனிடம் அத்வைதம் பயின்றார். காஞ்சிப் பரமாச்சாரியாரைத் தரிசித்தார். இளைய மகள் ஐரீனோடு சில காலம் சென்னையிலேயே வாழ்ந்தார். அரண்மனையில் அதிகாரம் செலுத்திய ஒரு பெண்மணி ‘நான், எனது’ என்பதை விசாரிக்கும் சாத்திரத்தின் முன் மாணவியாக உட்கார்ந்த ஆண்டுகளில், மகன் லண்டனில் ‘கிரேக்க அரசர்’ என்ற பட்டத்தோடு இருந்தார். 1981 பிப்ரவரியில் மாட்ரிட்டில் பிரெடரிக்கா இறந்தபோது தாத்தோயில் அடக்கம் செய்யக் கிரேக்க அரசு இணங்கியது. பிள்ளைக்குக் கிடைத்தது சில மணி நேர அனுமதி. தாயை மண்ணில் வைத்துவிட்டு அன்றே விமானம் ஏற வேண்டும். பதின்மூன்று ஆண்டுக்குப் பிறகு அவர் ஊரைப் பார்த்தது அந்த ஒரு நாள்தான். தேர்தலில் வென்ற ஒரு குடியரசு, தாய்க்குக் கொள்ளி வைக்க வந்த மகனைக் கண்டு இவ்வளவு பயந்திருக்க வேண்டாம்.

அரியணை இனி இல்லை என்றானபோது சண்டை நிலத்துக்கு மாறியது. தாத்தோய் முதலாம் ஜார்ஜ் 1872இல் தன் பணத்தில் வாங்கிய பண்ணை. சுமார் பத்தாயிரம் ஏக்கர் காடும் வயலும். அன்று அங்கே திராட்சைத் தோட்டமும் பால்பண்ணையும் தொழுவமும் வேலையாட்கள் குடியிருப்பும் தந்தி நிலையமும் இருந்தன. அரண்மனை என்ற பெயர்தான். பார்க்க ஆங்கிலேயப் பாணி நாட்டுப்புற மாளிகை. கோர்ஃபு தீவின் மோன் ரெப்போ மாளிகை (பிரிட்டன் அரசி எலிசபெத்தின் கணவர் பிலிப் பிறந்த வீடு), பாலிடெந்திரி எஸ்டேட் இரண்டும் இதோடு சேர்த்தி. இவை எங்கள் தனிச்சொத்து என்றது குடும்பம். அரசன் என்ற தகுதியால் வந்த சொத்து, அது மக்களுடையது என்றன எதிர்ப்பக்கத்துக் கட்சிகள்.

1991இல் பிரதமராக இருந்த கான்ஸ்டன்டைன் மிட்சொடாக்கிஸின் அரசு, தாத்தோயிலிருந்த பொருட்களை எடுத்துச் செல்ல அனுமதித்தது. ஒன்பது கன்டெய்னர்கள் கப்பலேறின. அடுத்த ஆண்டு நிலம் பற்றியும் ஒப்பந்தம் ஆயிற்று. 1993 ஆகஸ்ட்டில் அரசர் மனைவி மக்களோடு படகில் கிரேக்கக் கரையோரம் வந்தார். ஊர் ஊராக மக்கள் கூடினார்கள். அரசு கலங்கிப்போய்ப் போர்க் கப்பலையும் விமானத்தையும் பின்னால் அனுப்பியது. சில மாதங்களில் ஆட்சி மாறியது. வந்தவர் ஆண்ட்ரியாஸ் பாபன்திரேயு, 1965இல் அரண்மனை இறக்கிய கிழவரின் மகன். 1994இல் அவர் அரசு கொண்டுவந்த சட்டம் ஒப்பந்தத்தை ரத்து செய்தது, சொத்தை எடுத்துக்கொண்டது, குடியுரிமையையும் பறித்தது. மீண்டும் குடிமகனாக வேண்டுமானால் மூன்று நிபந்தனை: 1974 வாக்கெடுப்பைத் தடையின்றி ஏற்க வேண்டும், அரச உரிமை எதையும் கோரக்கூடாது, எல்லாக் கிரேக்கர்களையும் போல ஒரு குடும்பப் பெயரைப் பதிய வேண்டும்.

முதல் இரண்டு நிபந்தனைகளும் நியாயமானவை என்றே நினைக்கிறேன். இழப்பீடு ஒரு காசும் இல்லாமல் சொத்தை எடுத்ததுதான் தவறு. ஸ்ட்ராஸ்பர்க் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் அதையே சொன்னது. வழக்கின் பெயரே ‘கிரேக்கத்தின் முன்னாள் அரசரும் பிறரும் எதிர் கிரேக்கம்’. 2000 நவம்பரில் தீர்ப்பு அரசருக்கு ஆதரவாக வந்தது. அவர் கேட்டது சுமார் 50 கோடி யூரோ. 2002இல் நீதிமன்றம் அரசருக்கும் குடும்பத்தார் இருவருக்கும் சேர்த்து வழங்கியது, செலவுத்தொகை உட்பட, 1 கோடியே 37 லட்சம். நிலம் திரும்பவில்லை. அந்தத் தொகையை இயற்கைப் பேரிடர் நிதியிலிருந்து எடுத்து அரசு கட்டியது. அரசர் அதைக் கொண்டு மனைவி பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கி, பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களுக்கென்று ஒதுக்கினார். இரு தரப்பும் ஒருவரை ஒருவர் குத்திக்காட்ட நிலநடுக்கத்தில் வீடிழந்த ஏழைகள் ஒரு சாக்கானது எனக்கு உவப்பாயில்லை.

அரியணை போய், நிலமும் போன பிறகு எஞ்சியது பெயர். அங்கே அவர் கடைசிவரை வளையவில்லை. எங்கள் குடும்பத்துக்குப் பெயர் கிடையாது, குளுக்ஸ்பர்க் என்பது ஓர் ஊரின் பெயர் என்று வாதிட்டார். மனைவி பிறந்த டென்மார்க் தந்த பாஸ்போர்ட்டில் பயணம் செய்தார். மக்கள் தீர்ப்பை மதிக்கிறேன் என்று பேட்டிகளில் சொன்னார். ஆனால் ‘நான் இப்போது அரசர் அல்ல’ என்ற வாக்கியத்தைச் சட்டம் கேட்ட வடிவில் எழுதித் தரவில்லை. இதற்கு நேர்மாறான ஆள் பக்கத்து நாட்டிலேயே இருந்தார். பல்கேரியாவின் சிமியோன் 1946இல் ஒன்பது வயதில் நாடு கடத்தப்பட்டவர். திரும்பி வந்து, சாக்ஸ்-கோபர்க்-கோத்தா என்ற பெயரோடு தேர்தலில் நின்று, 2001இல் குடியரசின் அரசியலமைப்பின் மேல் உறுதிமொழி எடுத்துப் பிரதமரானார். கான்ஸ்டன்டைனுக்கும் அந்த வாசல் திறந்தே இருந்தது. பெயர்ப் பதிவேட்டில் ஒரு வரி எழுத மனம் வந்திருந்தால் தன் நாட்டில் குடிமகனாகவே வாழ்ந்திருக்கலாம்.

வெறுப்பு மெல்ல மெல்ல வற்றியது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குச் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் கௌரவ உறுப்பினராக வந்தார். அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் நேரத்தில் குடியரசுத் தலைவர் ஸ்டெபனோபுலோஸ் அவரையும் குடும்பத்தையும் வரவேற்றார். தலைவரின் மாளிகை முன்பு இவருடைய அரண்மனை. தன் பழைய வீட்டுக்கு விருந்தாளியாகப் போனவரை நாடு கவலையின்றிப் பார்த்தது. 2013இல் கிரேக்கத்துக்கே குடிவந்தார். யாரும் தெருவில் இறங்கவில்லை. கடன் நெருக்கடியில் ஓய்வூதியம் வெட்டப்பட்ட மக்களுக்கு முதிய அரசர் ஒரு பொருட்டே இல்லை. அவரை உண்மையில் அரியணையிலிருந்து இறக்கியது இந்த அமைதிதான். 1994 சட்டத்தால் அதைச் செய்ய முடியவில்லை.

அறுபது ஆண்டில் மாறாத ஒன்றும் உண்டு. 1965இல் அரண்மனையோடு மோதிய பாபன்திரேயு குடும்பத்தில் மகனும் பேரனும் பிரதமரானார்கள். அன்று கட்சியிலிருந்து பிரிந்து வந்தவர்களில் முன்னணியில் இருந்த மிட்சொடாக்கிஸ் 1990இல் பிரதமரானார். அவர் மகன்தான் 2023இல் அரசரின் அடக்கத்தைத் தீர்மானித்தவர். வாரிசு முறையை வாக்குச்சீட்டால் வென்ற நாடு இது. இந்தப் பட்டியலைக் கிரேக்கர்கள் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லத் தோன்றுகிறது. தேர்தலில் வென்றுதான் வந்தார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் ஒரு பழைய வீட்டுச் சண்டை மூன்று தலைமுறை சட்டமாகவும் சலுகையாகவும் மாறி மாறி வந்ததில் நாட்டின் நேரம் நிறையப் போயிருக்கிறது.

2024 டிசம்பரில், குடியரசுக்கு மக்கள் வாக்களித்துச் சரியாக ஐம்பது ஆண்டு ஆன மாதத்தில், அவருடைய ஐந்து பிள்ளைகளும் மூத்த மகன் பாவ்லோஸின் பிள்ளைகளுமாகப் பத்துப் பேர் கையெழுத்திட்டார்கள். குடியரசை ஏற்கிறோம், எந்த உரிமையும் கோரவில்லை. தந்தை மறுத்த அதே நிபந்தனைகள். குடும்பப் பெயராக ‘தெ கிரேஸ்’ என்று பதிந்தார்கள். பிரெஞ்சில் ‘கிரேக்கத்தைச் சேர்ந்த’ என்று பொருள்படுவது. இது பெயரின் உடையில் வரும் பட்டம் என்று இடதுசாரிக் கட்சிகள் கண்டித்தன. அவர்கள் சந்தேகத்தில் நியாயம் இருந்தாலும், கையெழுத்தின் எடை பெயரைவிட அதிகம் என்பது என் கட்சி. இனி அவர்கள் வரிசையில் நின்று வாக்களிக்கலாம்.

தாத்தோய் இன்று அரசின் சொத்து. நெடுங்காலம் பராமரிப்பில்லாமல் கூரை இடிந்து, சுவர் பெயர்ந்து கிடந்தது. வாரக் கடைசியில் குடும்பத்தோடு காட்டுப் பாதையில் நடக்க வரும் ஏதென்ஸ்வாசிகளுக்கு அது ஒரு பொதுத் தோட்டம் போலவே ஆகிவிட்டது. 2021 ஆகஸ்ட் காட்டுத்தீயில் பெருமளவு மரங்கள் எரிந்தன; மாளிகை தப்பியது. இப்போது அதைச் செப்பனிட்டு அருங்காட்சியகமாக்கும் வேலை நடக்கிறது. உடைகள், குதிரை வண்டிகள், பழைய கார்கள் எல்லாவற்றையும் தூசி தட்டிப் பட்டியலிட்டிருக்கிறார்கள்.

அவற்றோடு, கர்னல்களின் அமைச்சரவையோடு அரசர் நிற்கும் 1967 புகைப்படத்தையும் ஒரு சுவரில் மாட்ட வேண்டும். பக்கத்திலேயே 1974 டிசம்பர் 8 வாக்கெடுப்பின் மாவட்ட வாரியான முடிவுகள், 1994 சட்டத்தின் பக்கங்கள், ஸ்ட்ராஸ்பர்க் தீர்ப்பு. யாரோஸ் தீவில் அடைபட்டவர்களின் பெயர்களுக்கும் அங்கே ஓர் அறை வேண்டும். வண்டிகளையும் உடைகளையும் மட்டும் காட்டினால் பள்ளிப் பிள்ளைகள் ஓர் அழகான வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். அதில் குடியிருந்தவர்கள் ஏன் போனார்கள் என்று அவர்களுக்குச் சொல்ல அங்கே வேறு எதுவும் இருக்காது.